பசித்த மீனிடம் ருசி கேட்காதீர்கள்

மீன்தூள் நாற்றம் உடம்பை விட்டு எப்போது போகும் என்று போன வாரம் உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால் மறுநாளே வேலையை விட்டு ஓடிவிடுவாளோ என்று பயம். வேலையில் இருக்கும்வரை போகாது, கண்ணு. சோப்பை மாற்றுவாய், சீயக்காய் போடுவாய், எலுமிச்சம்பழத்தைத் தேய்ப்பாய். குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது துண்டிலிருந்து அதுவே எழுந்து வரும். அதோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

தீவனப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மைக்கைப் பார்த்ததும் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. பாதி கதையைச் சொல்லிவிட்டு, கொடுத்த சால்வையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். மேடையில் சொல்லக்கூடிய மீதியும் இல்லை அது.

நான் வேலை பார்த்தது கோத்தகிரிக்கு அப்பால், பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்குள் நெடுந்தூரம் நடந்தால் வரும் ஒரு ட்ரவுட் மீன் பண்ணையில். மூடிப்போன சின்னத் தேயிலை ஃபேக்டரி ஒன்றை வாங்கி, பக்கத்து ஓடையைத் திருப்பி, சிமெண்ட் குளங்களில் ஓடவிட்டு மீன் வளர்த்தார்கள். ட்ரவுட் குளிர்ந்து ஓடும் தண்ணீரில்தான் பிழைக்கும். புழு பூச்சியும் மற்ற மீனும் தின்று வளரும் சாதி. அதனால் அதன் தீவனத்தில் பெரும்பங்கு மீன்தூள். கடலில் பிடித்த பொடி மீனைக் காயவைத்து, அரைத்து, மூட்டை கட்டி, லாரியில் மலை ஏற்றி, மலைமேல் இருக்கும் மீனுக்குப் போடுவோம். அதிலும் பாதி மூட்டையில் மணலும் உப்பும் கலந்து வரும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பூசைக்குப் போனால், நான் உட்காரும் பெஞ்சில் எனக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் எப்போதும் காலியாக இருக்கும். யாரும் முகம் சுளித்ததில்லை, நல்ல ஜனங்கள். தூர இருந்தே கைகூப்பிச் சிரிப்பார்கள். நகர்ந்து மட்டும் உட்கார மாட்டார்கள். பஸ்ஸிலும் அதே கதைதான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் குடும்பம் கோயம்புத்தூரில். தவறிப்போய்க்கூட ஒருவர் கை என்மேல் படாமல் வாரக்கணக்கில் ஓடியிருக்கிறது. அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று சொல்லித் திரிந்தேன். எடுத்துக்கொண்டேன்.

மீன்தூளைக் குறைத்து, அதன் இடத்தில் புளிக்கவைத்த சோயாப் பிண்ணாக்கைச் சேர்க்க முடியுமா என்று பார்ப்பதுதான் எனக்குக் கொடுத்திருந்த வேலை. சோயாவை அப்படியே போட்டால் ட்ரவுட்டின் குடல் வீங்கிவிடும். நுண்ணுயிரை விட்டுப் புளிக்கவைத்தால் அந்தக் கெடுதல் பெரும்பாலும் உடைந்துபோகும். நம் வீட்டு இட்லி மாவு வேலைதான், கொஞ்சம் படித்த இட்லி மாவு. மற்றதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது, என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

குடல் ஏற்றால் போதுமா, வாய் ஏற்க வேண்டாமா? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். புளித்த சோயாவைக் காயவைத்துச் செய்த குருணையைப் போட்டால் மீன் பாய்ந்து வந்து கவ்வும், ஒரு நொடி யோசிக்கும், துப்பிவிடும். சமைத்தவளின் முகத்துக்கு நேராகத் துப்புவது மாதிரியே இருக்கும். வருஷக்கணக்கில் என் சமையலை ருசி பார்க்க வேறு யாரும் இல்லாதிருந்ததால் எனக்கு அது கூடுதலாகவே சுட்டது.

முதலாளி கோயம்புத்தூரில் இருந்தார். பொறுமைசாலிதான், ஆனால் அவர் பொறுமையும் தீர்ந்துகொண்டு வந்தது. ஒரு தீவனக் கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்கள் கண்முன்னால் மீன் தின்றால் சோதனை தொடரும். துப்பினால் சோயா புளிக்கவைக்கும் அறையை இடித்துவிட்டு, சுற்றுலா வருகிறவர்களுக்கு இரண்டு காட்டேஜ். நீலகிரியில் எதை மூடினாலும் அந்த இடத்தில் காட்டேஜ்தான் முளைக்கும். அந்த அறை போனால் எனக்கு மலையில் வேலை இல்லை. வேறு எங்கே போய் என்ன செய்வது என்று நினைத்துப் பார்க்கவும் எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

பண்ணையில் என்னோடு இருந்தவர் செல்லத்துரை. தீவனம் போடுவது, குளம் கழுவுவது, விறகு போட்டு எரிக்கும் பழைய தேயிலை டிரையரைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர். இலங்கையில் கண்டிப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, சிறு வயதில் அம்மாவோடு கப்பலேறி இங்கே வந்தவர். மனைவி தவறி வெகுநாளாகிவிட்டது. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். பக்கத்து எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். தண்ணீர், தீவனம், விறகு. அதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை.

அந்தக் கார்த்திகை மாதம் மழை மலையையே கரைத்துவிடுவதுபோல் பெய்தது. நான் பூசைக்காகக் கோத்தகிரி போயிருந்தேன். மதியத்துக்குள் மரங்கள் சாய்ந்து பஸ் நின்றுவிட்டது. தெரிந்த ஒரு டீச்சர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் மண் சரிந்த இடங்களைச் சுற்றிச் சுற்றி நடந்தே பண்ணைக்கு வந்து சேர்ந்தேன். மேட்டுப்பாளையம் சாலை இரண்டு இடத்தில் போய்விட்டிருந்தது. மீன்தூள் லாரி கீழேயே நின்றது. கூடலூர் வழியாகச் சுற்றிக்கொண்டு வர எந்த லாரிக்காரரும் ஒப்பவில்லை. பண்ணையில் மிச்சமிருந்த தீவனம் குஞ்சு மீன்களுக்கு மட்டும் போதும். பெரிய மீன்களுக்கு என்று இருந்தது, அறையில் ஒரு பெரிய டிரம்மில் புளித்துக்கொண்டிருந்த என் சோயா ஒன்றுதான்.

அறைக் கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. கழிப்பறை கழுவாத பஸ் ஸ்டாண்டில் அடிக்கும் அதே நெடி. டிரம்மைச் சுற்றிச் சாக்கு, சாக்குக்கு மேல் ஒரு கம்பளி, அதன்மேல் கயிறு. மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டேன், சுட்டது. சோயா நூல் நூலாகப் பிசுபிசுத்து வந்தது.

செல்லத்துரை என் பின்னாலேயே வந்து நின்றார்.

“கரண்டு போயிருச்சுங்க மேடம். சூட்டுக்குப் போட்ட பல்பு ஒண்ணுகூட எரியல. டிரம்மத் தொட்டுப் பாத்தா ஜில்லுன்னு இருந்துச்சு. நீங்க இத்தன நாள் பட்ட பாடு வீணாப் போயிருமேன்னு கட்டி வெச்சேனுங்க.”

“இப்புடிக் கட்டோணும்னு யாருங்க சொன்னாங்க?”

“யாருங்க சொல்லோணும்? குளுருக்கு மாவு புளிக்கலைன்னா ஊட்டுல கம்பளி போத்தித்தானுங்களே வெப்போம்.”

உண்மைதான். எங்கள் மலையில் மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்தாத வீடு கிடையாது. ஆனால் மாவு சின்னப் பாத்திரம், அதற்கு வெளிச்சூடு வேண்டும். டிரம் நிறையச் சோயா இருந்தால், புளிக்க ஆரம்பித்த பிறகு அது தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அந்தச் சூடு வெளியே போக வழி வேண்டும். வெளியே டிரம் ஜில்லென்று இருந்திருக்கிறது, உள்ளே கொதித்திருக்கிறது. கம்பளி அதை மூச்சு முட்ட வைத்துவிட்டது. கீழே சமவெளியில் இருக்கிறவர் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டார். குளிரில் வாழ்ந்தவர்தான் செய்வார்.

திட்டுவதற்கு வாய் வந்துவிட்டது. அப்போதுதான் கம்பளியைச் சரியாகப் பார்த்தேன். எஸ்டேட்டில் கொடுத்த கறுப்புக் கம்பளி, ஓரமெல்லாம் நைந்தது. அவரிடம் இருந்தது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். தினமும் அதைப் போர்த்திக்கொண்டுதான் வேலைக்கு வருவார்.

“இத இங்க கட்டிட்டு நீங்க எதைப் போத்துனீங்க?”

“அடுப்புக்கிட்ட உக்காந்துக்கிட்டேனுங்க.”

வாய்க்குள் வந்ததை விழுங்கிவிட்டு, “இது கெட்டுப்போச்சுங்க. ரெண்டு பேருமாக் கொண்டுபோய்க் கொட்டிரலாம்” என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்தார்.

பண்ணையில் செல்போன் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் மேலே ஒரு பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். குடையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். முதலாளிக்கு விஷயத்தைச் சொன்னேன்.

“ஏனுங்க அம்மணி, காய வெச்சா அந்த வாசம் போயிருமில்லைங்க? கொஞ்சமாக் கலந்து போட்டுப் பாருங்களே.”

“வாசம் போகும். கெடுதல் போகாதுங்க.”

“அப்ப மீனு பட்டினி கெடக்கட்டும்ங்கறீங்களா?”

“ஆமாங்க. கெடக்கட்டும்.”

“செத்துப்போச்சுன்னா?”

“இந்தக் குளுருத் தண்ணியில பெரிய மீனு பட்டினியில சாகாதுங்க. கண்டதத் தின்னாத்தான் சாகும்.”

“உங்க பொறுப்புங்க” என்று வைத்துவிட்டார்.

நீங்கள் எல்லோரும் ஏதாவது செய்யப் பழகியவர்கள். மீன் சோர்ந்தால் மருந்து, தண்ணீர் கலங்கினால் சுண்ணாம்பு. கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் முடிவை எடுக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர மாட்டார்கள். எடுத்த பிறகு பக்கத்தில் நிற்கவும் மாட்டார்கள். நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், மறுபடி கூப்பிடலாமா என்று பாறைமேலேயே நின்று யோசித்தேன்.

மழை விட்டுத் தண்ணீர் தெளிந்ததும் சோதனை ஆரம்பமானது, எனக்கு. ட்ரவுட்டுக்கு நிழல் தெரியும், நடை தெரியும். நான் குளத்தோரம் போனால் எல்லாம் ஒரே பக்கமாகத் திரண்டு வந்து வாயைத் திறந்து நிற்கும். என்னைப் பார்த்ததும் ஓடி வருகிற உயிர்கள் இந்த உலகத்தில் அவை மட்டும்தான். வெறும் கையோடு அவற்றின் முன்னால் நிற்க என்னால் முடியவில்லை. குளத்துப் பக்கம் போகாமல், ஃபேக்டரியின் பின்புறமாகத் தேயிலைக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு அறைக்குப் போனேன். வளர்ந்த பொம்பளை மீனுக்குப் பயந்து ஒளிந்து நடந்தாள் என்று நீங்கள் சிரிக்கலாம்.

இருந்த பிண்ணாக்கில் புதிதாக ஒரு டிரம் போட்டோம். கரண்ட் வரவில்லை. டிரையரில் விறகு எரித்து, அதன் பக்கத்தில் டிரம்மை வைத்து, உள்ளே சூடு ஏறும்போதெல்லாம் மூடியைத் திறந்து கிளறிவிட வேண்டும். செல்லத்துரை காலையில் எனக்கு முன்னால் வந்து, இரவில் நான் போன பிறகுதான் போனார். அவர் கிளறும்போது நான் சூடு பார்ப்பேன், நான் கிளறும்போது அவர் விறகு தள்ளுவார்.

காலையில் வரும்போது இலையில் சுற்றி ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவருவார். கோதுமை மாவில் தேங்காய்ப் பூ சேர்த்துத் தட்டிச் சுட்ட, கனமான தோட்டத்து ரொட்டி; சம்பல் என்பது காய்ந்த மிளகாயோடு இடித்த தேங்காய்த் துவையல். டிரையரை ஒட்டி ஒரு பலகை கிடந்தது. அதில்தான் இருவரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். முதல் நாள் அவர் வந்து உட்கார்ந்தபோது நான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நடுவே இடம் விடாமல் உட்கார்ந்தார். அவர்மேலும் அதே நாற்றம்தானே அடித்தது.

“நான் கட்டுனதுனாலதானுங்களே கெட்டுச்சு?” என்று ஒருநாள் கேட்டார்.

“ஆமாங்க.”

“மொதலாளிகிட்ட என்னங்க சொன்னீங்க?”

“கரண்டு போச்சு, கெட்டுப்போச்சுன்னு சொன்னேன்.”

“பொய்யில்லைங்களே.”

“இல்லைங்க.”

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சம்பல் காரம் மூக்கில் ஏறி, இருமி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து அந்த ஃபேக்டரிக்குள் என் சிரிப்புச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

புது டிரம் நன்றாக வந்தது. முந்தாநாள் மாவின் புளிப்பு, வேகவைத்த பயறின் வாசம், அவ்வளவுதான். காயவைத்து, குருணையாக்கி, இருவரும் குளத்தோரம் போனோம். முதல் கை அவர் போட்டார். தண்ணீர் கொதித்தது. மீன்கள் கவ்வின. துப்புமா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“துப்பலீங்க மேடம்” என்றார் செல்லத்துரை, மெதுவாக.

ஒன்றுகூடத் துப்பவில்லை. அவர் அதைச் செல்போனில் படம் எடுத்து, பாறைமேல் ஏறி முதலாளிக்கு அனுப்பினார். சாலை திறந்ததும் முதலாளி கம்பெனிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தே விட்டார். எனக்குப் பிடித்த மைசூர்பாகு ஒரு பெட்டி கையில் இருந்தது. வந்தவர்கள் முன்னால் குருணையைப் போடச் சொன்னார். மீன்கள் பாய்ந்து தின்றன. அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் புளிக்கும் அறை எனக்கு நிலைத்திருக்கும். கேட்பார் யாரும் இல்லை. ஆனால் வந்தவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, “ருசி பிடிச்சிருச்சு போலிருக்கே” என்றார்.

“இல்லீங்க. இது பட்டினி போட்ட மீனு. இப்ப மரத்தூளப் போட்டாலும் திங்கும். பழைய தீவனத்தை வயிறு நெறையப் போட்டு, தெம்பு வந்ததுக்கு அப்புறம் இதைக் குடுத்துப் பாக்கோணும். அன்னிக்கும் தின்னுச்சுன்னாத்தான் ருசின்னு சொல்லலாமுங்க.”

முதலாளி மைசூர்பாகைக் கொடுக்காமலே காரில் ஏறிப் போனார். வெகுநாள் என்னோடு பேசவில்லை. அறை பிழைத்தது என் நேர்மையால் இல்லை. காட்டேஜுக்கு அனுமதி கிடைக்கத் தாமதமானது, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் மீன்களை நன்றாகத் தேற்றி, மறுபடி சோயாவைப் போட்டேன். துப்பின. நினைத்ததுதான், ஆனாலும் வலித்தது. பிறகு பழைய தீவனத்தில் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து, அவற்றின் வாயைப் பழக்கினேன். மாதக்கணக்கில் ஆனது. முழு வயிற்றோடு தின்றன. மீன்தூளை முழுக்க நிறுத்த முடியவில்லை, பாதிக்குப் பக்கம் குறைத்தோம். அன்று வந்தவர்கள் திரும்ப வந்து பார்த்தார்கள். இன்று உங்கள் கம்பெனி டிரம்களில் புளிப்பது அந்தச் சோயாவின் வம்சம்தான்.

மேடையில் இதுவரைக்கும் சொன்னேன். கை தட்டினீர்கள்.

சொல்லாமல் விட்டது, அந்தக் கம்பளி பிறகு என்ன ஆனது என்பதை. கம்பெனிக்காரர்கள் வந்து போன பிறகு, பலமுறை துவைத்துக் காயவைத்த கம்பளியை மடித்து எடுத்துக்கொண்டு செல்லத்துரையின் லயத்துக்குப் போனேன். வாசலில் நின்றபடி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம். நீங்க தங்கற ரூமுல ஈரம் ஜாஸ்தி.” பிறகு அடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு, “ரொட்டி இனிமேலும் ரெண்டு பேத்துக்கும் சேத்தே சுடறேனுங்க. நீங்க சரின்னா” என்றார்.

எனக்குப் புரிந்தது. புரியாத வயதில்லை. சரி என்று சொல்லவும் வாயெடுத்தேன். ஆனால் குளத்தோரம் நானே சொன்ன வார்த்தை அப்போது காதுக்குள் இருந்தது. பக்கத்தில் யாரும் உட்காராமல் இத்தனை வருஷம் கிடந்தவள் நீ. ஒரு கம்பளியும் ரெண்டு ரொட்டியும் கிடைத்ததும் பாய்ந்து கவ்வுகிறாய். பட்டினி கிடந்தவளின் ருசிக்கு என்ன மதிப்பு என்று என்னை நானே கேட்டேன். அவர்மேல் எனக்கு இருந்ததை வெறும் பசி என்று முடிவு கட்டினேன்.

“வேண்டாங்க. உங்களுக்குத்தான் குளுரும்” என்று கம்பளியை அவர் கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டார். அதன்பிறகு ரொட்டி வரவில்லை. மேடம் என்று கூப்பிடுவதும், வேலையும் முன்போலவே நடந்தன. அடுத்த மழைக்கு முன்னால் மகள் கூப்பிட்டாள் என்று திருப்பூருக்குப் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ள வந்தார். “வர்றேனுங்க மேடம்” என்றார். கம்பளி தோளில் இருந்தது.

வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும் நான் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டேன். அண்ணன் வீட்டில் ஆள் நிறைய. அவருடைய பேரப்பிள்ளைகள் என் மடியில்தான் தூங்குகிறார்கள். மீன்தூள் நாற்றம் என்னை விட்டுப் போய்விட்டது. கோயிலில் என் பெஞ்சில் இடம் போதாமல் நெருக்கி உட்காருகிறார்கள். இப்போது நான் பட்டினி இல்லை.

மீனுக்கு நான் நியாயம் செய்தேன். வயிற்றை நிறைத்துவிட்டு மறுபடி கேட்டேன். அதைச் செய்யாமல் எந்தச் சோதனையையும் முடித்துவிடாதீர்கள், பிள்ளைகளே. என்னை மட்டும் நான் மறுபடி கேட்காமல் விட்டேன்.

போன மாதம் ஒருநாள் மத்தியானம், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, என்னையே கேட்டுப் பார்த்தேன். அந்தக் கம்பளி வேண்டும்போல்தான் இருக்கிறது.